நாயின் செவியும் இல்லறத்தார் நோன்பும்

(மகாவீரர் வீடுபேறடைந்த நாளையொட்டி மல்லசமுத்திரத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

மல்லசமுத்திரத்தைச் சுற்றிப் பருத்தியும் நிலக்கடலையும் விளையும் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. தோட்டத்து வீடுகள் ஒன்றுக்கொன்று எட்டியே நிற்பவை. ஆட்டுப்பட்டிக்கும் களத்துக்கும் அங்கே நாய்தான் காவல். வீட்டார் அயர்ந்துறங்கும் நள்ளிரவில் அது தலை நிமிர்த்தும், செவியைத் திருப்பும், இருளை நோக்கி உறுமும். விளக்கெடுத்துப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் தென்படாது. சந்தைக்குச் சென்றவரின் வண்டியொலி எவர் காதிலும் விழுமுன்னரே அது வாசலுக்கு ஓடி நிற்கும். 'இதற்கு மட்டும் எப்படித் தெரிகிறது?' என்று கேளாத வீடு இராது.

உயிர்களின் அறிவைப் பற்றிய இக்கேள்வி தமிழுக்கும் ஜைனத்துக்கும் பழையது. தொல்காப்பிய மரபியல், உயிர்களை அவை பெற்ற அறிவின் எண்ணிக்கையால் வகுத்தது. உடம்பால் உற்றறிவது ஓரறிவு. அதன்மேல் நாவும் மூக்கும் கண்ணும் செவியும் ஒவ்வொன்றாகச் சேர, ஐயறிவு நிரம்புகிறது, மனத்தோடு ஆறறிவாகிறது. ஜைன ஆகமங்களும் ஓரறிவு முதல் ஐயறிவு வரை இவ்வரிசையிலேயே உயிர்களைப் பகுக்கின்றன. ஐயறிவுயிர்களை மனமுடையவை, மனமில்லாதவை என மேலும் பிரிக்கின்றன. நாய் மனமுடைய ஐயறிவுயிர். ஆகவே அதற்கு இன்பமும் அச்சமும் உண்டு, நினைவும் உண்டு.

எத்தனை அறிவு என்பதை இவ்வகுப்பு சொல்லும். அவ்வறிவு எத்துணைக் கூர்மையுடையது என்பது வேறு வினா. மனிதர் மூக்கில் மணமறியும் உயிரணுக்கள் ஏறத்தாழ 50 லட்சம். நாய்க்கோ 10 கோடிக்கும் மேல். சில இனங்களில் 30 கோடியளவும் உண்டு. தெருக்கம்பத்தை அது முகர்ந்து நிற்பது, அவ்வழியே சென்ற நாய்கள் எவை, எப்போது சென்றன என்று படிப்பதற்கு ஒப்பாகும். மனிதர் செவி நொடிக்கு 20,000 அதிர்வு வரையே கேட்கும். நாயின் செவி 45,000 வரை கேட்கும். குளிர்ந்த மூக்குநுனியால் மெல்லிய வெப்பத்தையும் தொடாமலே அது உணரும் என்று 2020இல் சுவீடன், ஹங்கேரி நாட்டு அறிஞர்கள் ஆய்ந்து வெளியிட்டனர். நிறங்காண்பதில் அது மனிதர்க்குப் பிற்பட்டது. நீலமும் மஞ்சளும் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாது. ஒரே முற்றத்தில் நின்றாலும் வீட்டாரும் நாயும் காணும் உலகம் வேறுவேறு. ஒரு பொருளைப் பல கோணங்களில் நின்று காண வேண்டும் என்னும் அநேகாந்தத்துக்கு இதைவிட அண்மையான சான்று தேட வேண்டியதில்லை.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. நாய் ஊளையிட்டால் எமன் வருகிறான் என்பது ஊர்வழக்கு. ஊளை என்பது தொலைவிலுள்ள தன் இனத்தை அழைக்கும் குரல்; மனிதர் செவிக்கு எட்டாத ஓர் ஒலிக்கு அது தரும் மறுமொழியாகவும் இருக்கலாம். மூடங்களை விலக்குவது நற்காட்சியின் இலக்கணம். ஊளைக்கு அஞ்சி நாயைக் கல்லாலடிப்பது மூடமும் கொலைவழியும் ஆகும்.

அடிபட்ட நாய் ஒன்றைத் தமிழ்க் காப்பியம் மறக்கவில்லை. திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகத்தில், பிறர்க்கென அமைத்த சோற்றைத் தீண்டியதற்காக ஒரு நாய் அடியுண்டு உயிர் துடிக்கிறது. சீவகன் அதனருகே அமர்ந்து, அதன் செவியில் ஐந்து பதங்களாலாகிய மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் இறந்து சுதஞ்சணன் என்னும் இயக்கனாகப் பிறக்கிறது. நன்றி மறவாது வந்து வணங்குகிறது. பின்னர்க் கட்டியங்காரனின் ஆட்கள் சீவகனைக் கொல்லக் கொண்டுசென்றபோது அவனை மீட்டுச் செல்கிறது. சோற்றைத் தீண்டியதைக் கண்டவர்கள் தடியை எடுத்தார்கள்; அதற்குச் செவி உண்டு என்பதை நினைந்தவன் சீவகன் ஒருவனே.

அச்செவியை நினைப்பதே இல்லறத்தார் நோன்பின் தொடக்கம். கொல்லாமை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து குற்றங்களை நூல்கள் விலக்குகின்றன: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், பொறுக்கலாகாப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். நாய் வளர்க்கும் வீட்டில் இவை நாள்தோறும் நேரக்கூடியவை. பகல் முழுதும் குறுஞ்சங்கிலியில் கிடப்பது முதற்குற்றம். அழகுக்கென வாலையும் காதையும் நறுக்குவது மூன்றாவது. வீட்டார் வெளியூர் செல்ல, நீர்ச்சட்டி வறண்டு கிடப்பது ஐந்தாவது.

'நாய் புலாலுண்ணும் உயிர். ஜைனர் இல்லத்தில் அதற்கு இடமேது?' என்று தயங்குவோர் உண்டு. மனிதரோடு வாழ்ந்த நெடுங்காலத்தில், மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் நாய்க்கு ஓநாயைவிட மிகுந்துள்ளது என 2013இல் மரபணு ஆய்வு காட்டியது. சோறும் கேழ்வரகுக் கூழும் தயிரும் உண்டு வாழும் நாய்கள் இவ்வூர்த் தோட்டங்களில் பல. ஆயினும் வெறுஞ்சோறு மட்டும் போதாது. பருப்பும் சேர வேண்டும். கால்நடை மருத்துவரின் அறிவுரையும் வேண்டும். நோன்புடையோர் விலக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியணுக்களைச் சிதைப்பவை. அதன் சட்டியிலும் அவற்றை விலக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் இடுவித்தல் நாய்க்கும் ஊருக்கும் செய்யும் அறம். கடியுண்டவர் காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

இறுதியாகத் தீபாவளி. பாவாபுரியில் பகவான் மகாவீரர் வீடுபேறெய்திய நாளை விளக்கேற்றிப் போற்றுவது ஜைனர் மரபு. அந்நாளில்தான் ஊர்தோறும் வெடியோசை எழுகிறது. 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெல் வரை சட்டம் பட்டாசுக்கு இடந்தருகிறது. அவ்வளவு மனிதர் செவிக்கென வகுத்தது. நாயோ கட்டிலுக்கடியில் நடுங்குகிறது, சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடித் தொலைகிறது, உணவை மறுக்கிறது. ஏன் இந்த ஒலி, எப்போது நிற்கும் என்று அதற்குச் சொல்வார் இல்லை.

ஈரோட்டையடுத்த வெள்ளோட்டில் பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்மக்கள், பறவைகள் அஞ்சிப் போகுமென்று தீபாவளியில் வெடி வெடிப்பதைத் தவிர்த்து வருகின்றனர். அவர்களை எந்த நோன்பும் கட்டவில்லை. கொல்லாமையைக் குலதர்மமாகக் கொண்ட குடும்பங்களுக்கு அவ்வூர்கள் வழிகாட்டி நிற்பது வியப்பும் நாணமும் தருவது.

எல்லாவற்றையும் உள்ளவாறு அறிவது கேவல ஞானியர்க்கே உரியது. மற்றையோர் அறிவை ஞானாவரணீய வினை மறைத்திருக்கிறது. ஆதலால், 'எனக்கு வலிக்கவில்லை. அதற்கும் வலிக்காது' என்று முடிவு செய்யும் தகுதி எவர்க்கும் இல்லை. தன் செவிக்குச் சிறிதாகத் தோன்றும் ஒலி, காலடியில் படுத்திருக்கும் உயிர்க்குப் பேரிடியாகலாம் என எண்ணி ஒருவர் கையிலுள்ள வெடியைக் கீழே வைத்தால், அவ்வீட்டில் ஏற்றிய விளக்கு பகவானுக்கு உரிய விளக்காகும்.

வாழ்க அருகன் அறம்! வளர்க உயிரிரக்கம்!