சாடிக்கு மண் கலப்பது எப்படி?
வலிகாமம் வடக்கில் மீளக்குடியேறிய குடும்பங்களுக்கு ஆற்றிய உரை



1990இல் நீங்கள் விட்டுவந்த காணிகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பக் கிடைக்கின்றன. மயிலிட்டித் துறைமுகப் பக்கம் 2017 யூலையில்தான் விடப்பட்டது. 27 வருடம் ஆள் நடமாடாத வளவில் பற்றை வெட்டி, கிணறு இறைத்து, வேலி அடைத்து, முதற் பயிர் வைக்க ஒரு மாரியாவது போய்விடும். அதுவரைக்கும் ஒவ்வொரு கறிக்கும் சந்தைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கொட்டிலுக்குப் பக்கத்தில் பத்துச் சாடி வைத்தால் கீரை, பச்சைமிளகாய், கத்தரி, வல்லாரை வீட்டிலேயே கிடைக்கும்.

உங்களில் பலர் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர்கள். மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வரவில்லை. ஆனால் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் இருந்த நலன்புரி நிலையங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தோட்டம் புதிது. சாடி மண் என்பது தோட்ட மண்ணிலிருந்து வேறுபட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், மண் எங்கே எடுப்பது?

கண்ணிவெடி அகற்றி, பாவிக்கலாம் என்று அறிவிக்கப்பட்ட காணியில் மாத்திரம் எடுங்கள். நல்ல உக்கல் மண் கிடக்கிறதென்று பற்றைக்குள் போகவேண்டாம். பழைய பங்கர், மண் அணை, காவலரண் இருந்த இடங்களில் மண்வெட்டி வைக்கவேண்டாம். அங்கே கிடக்கும் இரும்புப் பெட்டி, குழாய், பீப்பா எதையும் சாடியாக்க எடுக்கவேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், போன வழியாலேயே திரும்பி வந்து, கிராம அலுவலருக்கோ 119 என்ற பொலிஸ் இலக்கத்துக்கோ சொல்லுங்கள். உங்கள் காணியைப் பற்றித் தெரியாவிட்டால் கிராம அலுவலரிடம் கேட்கும்வரை பொறுத்திருங்கள். பத்துச் சாடிக்கு வேண்டிய மண்ணைத் துப்புரவான காணியுள்ள அயலவரிடம் கேட்டு வாங்கலாம்.

இடிந்த வீட்டின் சுவரோரம், அத்திவாரத்தடி மண்ணும் வேண்டாம். அதில் சுண்ணாம்பும் சீமெந்தும் கலந்திருக்கும். நமது நிலம் ஏற்கெனவே சுண்ணக்கல்லின் மேல் இருப்பது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை அந்தக் கல்லை நம்பித்தான் கட்டப்பட்டது. சுண்ணாம்பு கூடினால் மண்ணில் உள்ள இரும்புச்சத்தைச் செடியால் எடுக்க முடியாது. புதுத் தளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதற்கு யூரியா போட்டுப் பயனில்லை. இதே காரணத்தால் அடுப்புச் சாம்பலையும் சாடிக்குள் கொட்டாதீர்கள்.

கலவை இதுதான். அளப்பதற்கு ஒரு கடகம் போதும்.

ஒரு கடகம் செம்மண், கல் பொறுக்கி அரித்தது. ஒரு கடகம் நன்றாக உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு. ஒரு கடகம் தும்புத்தூள். இவற்றோடு ஒவ்வொரு சாடிக்கும் ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கு.

செம்மண்ணை மட்டும் நிரப்பினால் நாலைந்து நாள் தண்ணீர் விட்டதும் இறுகிப்போகும். எருவை மட்டும் நிரப்பினால் வேர் கருகலாம், நாளாக அது அமிழ்ந்தும் போகும். தும்புத்தூள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், வேருக்குக் காற்றும் விடும். அதில் உப்பு இருக்கலாம். ஆகவே நல்ல தண்ணீரில் இரண்டு தரம் ஊறவைத்துப் பிழிந்தபின் கலவுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உவர்த்தால் சாடிக்கு அந்த நீர் உதவாது.

எரு உக்கியதா என்று அறிய அதைக் கையில் எடுங்கள். சூடு இருக்கக்கூடாது, சாணி மணம் இருக்கக்கூடாது, உதிர வேண்டும். பச்சைச் சாணியைக் குவித்து, ஓலையால் மூடி, இரண்டு மூன்று மாதம் விட்டால் இந்தப் பதம் வரும். ஆட்டெருவையும் கோழி எருவையும் அப்படியே உக்கவிடுங்கள். கோழி எரு கடுமையானது, மற்ற எருவில் பாதியளவே போதும்.

மாடு இல்லாதவர்கள் கூட்டெரு போடலாம். பழைய கிடுகையும் பனையோலையையும் தோட்டத்தில் தாட்டுப் பசளையாக்கியது நம் பெரியவர்களின் வழக்கம். அவற்றைத் துண்டாக்கி, பூவரசு இலை, சமையற் கழிவு, கொஞ்சம் சாணிக்கரைசல் சேர்த்து நிழலில் குவித்து, வாரம் ஒரு தரம் புரட்டுங்கள்.

கலந்த மண்ணை ஈரமாக்கி ஒரு பிடி பிடியுங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்ட உதிர்ந்தால் பதம் சரி. தண்ணீர் வடிந்தால் ஈரம் அதிகம். இப்படியே இரண்டு கிழமை மூடி வைத்துப் பிறகு நடுங்கள்.

சாடிக்குப் பெயின்ற் வாளி, உரப்பை, உடைந்த குடம் எதுவும் உதவும். கிருமிநாசினி இருந்த கலன் மட்டும் ஆகாது. அடியில் நாலைந்து துளை போட்டு, ஓட்டுத்துண்டால் மறைத்து, மேலே இரண்டு விரல் இடம் விட்டு நிரப்புங்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் பத்து லீற்றர் வாளி வேண்டும். கீரைக்கும் வல்லாரைக்கும் அகலமான, ஆழம் குறைந்த கலன் போதும்.

மூன்று கிழமைக்கு ஒரு தரம் இரண்டு பிடி எரு மேலே தூவிக் கிளறிவிடுங்கள். வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுகிறோம். ஆகவே அதற்குச் சாணிக்கரைசல் தெளிக்காமல், முற்றாக உக்கிய எரு மட்டும் போடுங்கள்.

செடி செழிக்கிறதென்று பசளையை அள்ளிக் கொட்டாதீர்கள். யூரியாவானாலும் எருவானாலும் மிஞ்சியது தண்ணீரோடு கீழே இறங்கும். நமது மண் ஆழமில்லாதது. அதன் கீழுள்ள சுண்ணக்கல்லில் வெடிப்புகள் உண்டு. மழைநீர் தங்குவதும் அங்கேதான், நாம் இறைத்துக் குடிப்பதும் அதைத்தான். குடாநாட்டின் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகளில் நைத்திரேற்று, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுப்பது ஆபத்து. கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஆகவே எருக்குவியலையும் சாடிகளையும் கிணற்றடியிலிருந்து தள்ளி வையுங்கள்.

சாடிக்குக் கீழே தட்டு வைத்தால் அதில் நிற்கும் நீரை ஊற்றிவிடுங்கள், டெங்கு நுளம்பு அங்கேதான் முட்டையிடும். வெறுங்கலன்களைக் கவிழ்த்து வையுங்கள்.

விதையும் ஆலோசனையும் வேண்டுவோர் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். இன்றைக்கே எருவைக் குவித்து ஓலையால் மூடிவிடுங்கள். அது உக்குவதற்குள் வாளிகளைச் சேர்த்துத் துளை போட்டு வைக்கலாம். முதற் சாடிக்குக் கீரை விதையுங்கள், ஒரு மாதத்துக்குள் ஒரு சுண்டலுக்குக் காணும்.