தோட்டத்துப் பெட்டியை மேசைக்குக் கொண்டு வாருங்கள்

(வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இம்முறை வரிக் கணக்கைப் பற்றிப் பேசப் போவதில்லை. மெல்பேர்ணில் நம்மவர் பலருடைய கராஜ் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு சின்னப் பெட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் விடும் கொன்ட்ரோலர்தான் அது.

அநேகமான வீடுகளில் இந்தப் பெட்டியின் சூட்சுமம் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் ஊருக்குப் போய்விட்டால், நோயில் படுத்துவிட்டால், அல்லது நம்மை விட்டே போய்விட்டால், பெட்டி மட்டும் பழைய கட்டளைப்படி தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கும். கணக்காளன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரே ஒருவரின் கையெழுத்தில் ஓடும் வங்கிக் கணக்குப் போன்றது இது.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, எழுபதைத் தாண்டியவர். அத்தான் காலமான பிறகு தனியாக இருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் தண்ணீர் பில்லைக் காட்டி, "தம்பி, நான் ஒரு ஆள். இவ்வளவு தண்ணியை எங்கே குடிக்கிறன்?" என்று கேட்டார். கராஜில் போய்ப் பார்த்தால் பெட்டி தலைக்கு மேலே, பழைய சாமான்களுக்குப் பின்னால் இருக்கிறது. எழுத்து மங்கல், வெளிச்சமும் இல்லை. இந்த வயதில் அவர் ஏணியில் ஏறி அதைப் படிக்க முடியுமா?

படிக்கத் தேவையில்லை. பல கொன்ட்ரோலர்களில் முன்பக்கத் தகடு தனியாகக் கழன்று வரும். கதவைத் திறந்து, பின்னால் உள்ள பட்டை வயரை மெதுவாக இழுத்தால் தகடு கையில் வந்துவிடும். அதன் பின்புறம் 9 வோல்ட் சதுர பற்றறி ஒன்றைப் பொருத்தினால் திரை உயிர் பெறும். சாப்பாட்டு மேசையில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேநீரும் குடித்தபடி எல்லாவற்றையும் திருத்தலாம். திருத்தியதும் திரும்பக் கொண்டுபோய் மாட்டினால் சரி. எல்லா மாடல்களிலும் இந்த வசதி இல்லை. ஆகவே முதலில் கையேட்டைப் பாருங்கள். மின்சார வயர் உள்ளே போகும் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். அது உரிமம் பெற்ற மின்னியலாளரின் வேலை.

அந்த பற்றறி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். திரையும் பொத்தான்களும் அதில் வேலை செய்யும். தோட்டத்து வால்வு திறக்காது. வால்வு திறக்கப் பெட்டியிலிருந்து 24 வோல்ட் மின்சாரம் போக வேண்டும். பழைய மாடல்களில் இதே பற்றறிதான் மின்சாரம் நின்ற நேரத்தில் நினைவைக் காப்பாற்றியது. பற்றறி செத்துப்போயிருந்தால், மின்சாரம் திரும்பி வந்ததும் பல பெட்டிகள் தொழிற்சாலையில் வைத்த கட்டளைக்குப் போய்விடும். எல்லாப் பாத்திக்கும் பத்து நிமிடம், ஒவ்வொரு நாளும்! புதிய மாடல்கள் மின்சாரம் இல்லாமலே கட்டளையை நினைவில் வைத்திருக்கின்றன.

அக்கா வீட்டில் நினைவு போகவில்லை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. நான்கு பாத்திக்கும் பத்துப் பத்து நிமிடம். தொடங்கும் நேரமாக 5.00, 5.10, 5.20, 5.30 என்று நான்கு பதிந்திருந்தது. பாத்திக்கு ஒரு நேரம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். ஆனால் தொடங்கும் நேரம் என்பது பாத்திக்கு அல்ல, முழுச் சுற்றுக்கும் உரியது. ஒரு நேரம் கொடுத்தால் போதும், நான்கு பாத்தியும் ஒன்றன்பின் ஒன்றாக நனையும். நான்கு நேரம் கொடுத்தால் முழுத் தோட்டமும் நான்கு முறை நனையும்.

கணக்குப் போடுவோமா? ஒரு பாத்திக்கு நிமிடத்துக்கு 15 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 600 லீற்றர். நான்கு சுற்றுக்கு 2,400. வீண் 1,800 லீற்றர். வாரத்தில் மூன்று நாள் என்றால் 5,400. பதின்மூன்று வாரப் பில்லில் 70,000 லீற்றருக்கு மேல்! 2008 ஆம் ஆண்டு, கடும் வறட்சியில், மெல்பேர்ண் மக்களுக்கு வைத்த இலக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 155 லீற்றர். அந்த அளவில் பார்த்தால், ஒரே காலையில் வீணானது பதினொரு பேரின் ஒரு நாள் தண்ணீர். 2009 இல் நம் நீர்த்தேக்கங்கள் கால்பங்கு அளவுக்கு வற்றியதையும், வாளியில் குளியல் தண்ணீரைப் பிடித்து மரத்துக்கு ஊற்றியதையும் பலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

தகட்டை மேசையில் வைத்துக்கொண்டு நான்கு விடயங்களைப் பாருங்கள்.

ஒன்று, கடிகாரமும் கிழமையும் சரியா? ஒக்ரோபர், ஏப்ரல் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே நேரம் மாறும்போது, பழைய பெட்டிகள் தாமாக மாறுவதில்லை. மெல்பேர்ணின் நிரந்தர விதிப்படி மாலை 6 மணி முதல் காலை 10 மணி வரைதான் இப்படித் தண்ணீர் விடலாம்.

இரண்டு, தொடங்கும் நேரம் ஒன்றுதானா?

மூன்று, ஒவ்வொரு பாத்திக்கும் எத்தனை நிமிடம், எந்தெந்த நாள்?

நான்கு, பருவத்துக்கு ஏற்ப நூற்று வீதத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் இருக்கிறதா? கோடையில் 100 என்றால், இலையுதிர் காலத்தில் 50 ஆக்கலாம். மழைக்காலத்தில் முழுவதும் நிறுத்திவிடலாம்.

மாட்டிய பிறகு, பாத்திக்கு ஒரு நிமிடம் ஓடவிட்டுத் தோட்டத்தில் நின்று பாருங்கள்.

அக்கா எல்லாவற்றையும் தன் கையாலேயே அமத்தினார். "இது மைக்ரோவேவை விடச் சுகமாக இருக்கே" என்றார். கட்டளையை ஒரு தாளில் தமிழில் எழுதிப் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டியும் வைத்துவிட்டார். இனி அவர் யாரையும் காத்திருக்கத் தேவையில்லை.

இப்போது கைத்தொலைபேசியில் இயங்கும் பெட்டிகளும் வந்துவிட்டன. ஆனால் நன்றாக ஓடும் பழையதை அதற்காகக் கழற்றி எறிய வேண்டியதில்லை. ஒரு 9 வோல்ட் பற்றறியும் அரை மணி நேரமும் போதும். அடுத்த முறை உங்கள் வீட்டில் அந்தத் தகட்டைக் கழற்றும்போது, அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் இருத்தி, பொத்தான்களை அவர்களையே அமத்த விடுங்கள்.