கடல் கடந்த ஊர்ச் சங்கம் எதற்காக?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் ராசிங்காபுரத்துப் பிள்ளைகள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைக்க விரும்பி, ஜமாஅத்தின் கருத்தைக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கின்றார்கள். அது குறித்துப் பேசுமாறு நிர்வாகத்தினர் நம்மைப் பணித்தார்கள். சங்கம் அமைப்பது நற்காரியம் என்பதில் இரு கருத்து இல்லை. எதற்காக என்று கேட்டால்தான் இங்கே ஒரு விடையும் அங்கே ஒரு விடையும் வருகின்றது. இங்கிருப்போரிடம் கேட்டால் மினாரா வேலை, மதரஸாக் கட்டடம், பெருநாள் விருந்து என்று பட்டியல் நீளும். அங்கிருப்பவனிடம் கேட்டால், அறைத் தோழன் நோயில் படுத்தால் யார் பார்ப்பது, சம்பளம் நின்றால் யாரிடம் சொல்வது என்பான். இவற்றில் எது முந்தியது என்பதைத்தான் இன்று பேச வந்துள்ளோம்.

பிழைப்புக்காக ஊரை விட்டுப் போவது நம் பகுதிக்குப் புதிதன்று. விடியற்காலையில் ஜீப் ஏறிப் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோரை நாம் தினமும் காண்கின்றோம். மலைக்குப் போனவர் மாலையில் திரும்பிவிடுவார்; இல்லையென்றால் ஆள் அனுப்பி விசாரிக்கலாம். அந்த ஏலக்காயும் கடல் கடந்து போய் அரபு நாட்டுக் கஹ்வாவில் மணக்கின்றது; அதனோடு போன நம் பிள்ளை எப்படி இருக்கின்றான் என்று விசாரிக்க அனுப்ப நம்மிடம் ஆள் இல்லை. சங்கம் அந்த ஆளாக இருக்க வேண்டும் என்பதே நம் எண்ணம்.

இதற்கு முன்மாதிரி வேண்டுமென்றால் தொலைவில் தேட வேண்டியதில்லை. நம்மைப் போலவே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் கடையநல்லூர். நெசவுத் தொழிலில் இருந்த அவ்வூர் மக்கள் சென்ற நூற்றாண்டில் சிங்கப்பூருக்குச் சென்று தஞ்சோங் பகார் வட்டாரத்தில் நெருங்கி வாழ்ந்தார்கள். ஆண்கள் மட்டும் போகவில்லை, குடும்பமாகவே போனார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். அப்பகுதியில் ஒரு தெருவுக்கே கடையநல்லூர்த் தெரு என்று பெயர் உண்டு. 1941இல் அவர்கள் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பை நிறுவினார்கள். அடுத்த ஆண்டே சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. 1945 வரை பஞ்சமும் அச்சமுமாகக் கழிந்தது. போர் முடிந்தவுடன் அந்த அமைப்பு முதலில் செய்த பெருங்காரியங்களுள் ஒன்று, 1946இல் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கியதுதான்.

பெருமக்களே, இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அவர்களுக்கும் சொந்த ஊரில் பள்ளிவாசல்கள் இருந்தன, பந்தங்கள் இருந்தன. ஊருக்கு அவர்கள் செய்ததும் நிறைய. ஆயினும் தாம் வாழ்ந்த தெருவில் தம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு வேண்டும் என்பதை அவர்கள் ஒத்திவைக்கவில்லை. சீறாப்புராணம் பாடியவரின் பெயரைத் தாங்கிய அப்பள்ளி 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. தமிழ் வழியில் உயர்நிலைக் கல்வி தந்த பள்ளி சிங்கப்பூரில் அது ஒன்றே. பெற்றோர் ஆங்கில வழியை நாடியதால் மாணவர் குறைந்து 1982இல் அது மூடப்பட்டது. எனினும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் என்று அப்பெயர் அங்கு இன்றும் வழங்குகின்றது. சந்தா கொடுத்த உழைப்பாளிகளின் பணம் அத்தனை காலம் பேசுகின்றது.

சிங்கப்பூர் வழியை அப்படியே வளைகுடாவில் பின்பற்ற முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடி அமைக்கும் சங்கம் சட்டப்படி பதிவு செய்யப்பட்டு, ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். வளைகுடாவிலோ அரசு அனுமதியின்றிச் சங்கம் நடத்துவதே குற்றமாகும். துபாயில் 2015ஆம் ஆண்டின் ஆணைப்படி உரிய துறையின் அனுமதியின்றி நன்கொடை திரட்டக் கூடாது. பின்னர் 2021இல் அமீரகம் முழுமைக்கும் நன்கொடைச் சட்டம் வந்துவிட்டது. “பள்ளி வேலைக்கு ஆளுக்கு நூறு திர்ஹம்” என்று கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பும் பிள்ளை, நன்மை செய்வதாக எண்ணிக்கொண்டே வழக்கில் சிக்கக்கூடும். நம் ஊர் மினாராவுக்காக ஒரு தாயின் மகன் சிறைக்குப் போக வேண்டுமா?

அதற்கு வழி இல்லாமல் இல்லை. உரிமம் பெற்ற இந்திய அமைப்புகள் அங்கே நெடுநாளாக உள்ளன. அபுதாபியில் இந்திய சமூக, பண்பாட்டு மையம் 1967 முதல் இயங்குகின்றது. ஓமானில் உள்ள இந்திய சமூக மன்றத்தில் மொழிவாரிப் பிரிவுகள் உள்ளன. தமிழுக்கும் ஒரு பிரிவு உண்டு. நம் பிள்ளைகள் தனிப் பலகை மாட்டுவதை விட இத்தகைய இடங்களில் உறுப்பினராகி, அதற்குள் ஊர்க்காரர்களாகக் கூடிப் பழகுவதே பாதுகாப்பானது. தலைவர், செயலாளர் என்ற பட்டங்கள் கிடைக்காமல் போகலாம். அதனால் சிலருக்கு வருத்தம் வரும், வரட்டும்.

இனி, அவர்கள் செய்ய வேண்டிய வேலைக்கு வருவோம். மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தர அன்சாரித் தோழர் முன்வந்தார். அவர்கள் அதற்காக துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கின்றது என்று மட்டும் கேட்டார்கள். புதிதாக விமானம் இறங்கும் பையனுக்கும் இதுவே தேவை. எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம், கடவுச்சீட்டு யார் கையில் இருக்க வேண்டும், சம்பளம் வராவிட்டால் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்று அவனுக்குச் சந்தையைக் காட்டுபவர் வேண்டும்.

பத்தாம் வகுப்புத் தேறாமல் போகின்றவர்களுக்குக் குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகள் 18. அவ்வாறு போவோருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 இலட்சம். ஒரு வேளை பிரியாணிச் செலவு! போகும்போது எடுத்துவிட்டுப் பிறகு புதுப்பிக்க மறந்துவிடுகின்றார்கள். எவருடைய காப்பீடு எப்போது முடிகின்றது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து நினைவூட்டுவதே சங்கத்தின் முதல் வேலையாக இருக்கட்டும்.

மௌத்தின்போது என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசிவிட வேண்டும். கேட்பதற்குக் கசப்பாக இருக்கும். அயல்நாட்டில் ஒருவர் இறந்தால், உடலை அங்கேயே அடக்குவதா, ஊருக்கு அனுப்புவதா என்று சட்டபூர்வ வாரிசின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தை நம் தூதரகம் கேட்கும். இங்கே மனைவி ஒன்று சொல்ல, அண்ணன் ஒன்று சொல்ல, ஜனாஸா அங்கே குளிர்பெட்டியில் நாள்கணக்கில் காத்திருக்கும். இறந்த இடத்திலேயே விரைந்து நல்லடக்கம் செய்வதே சிறப்பு என்று நாம் ஓதிய மார்க்க நூல்கள் கூறுகின்றன. முகத்தைக் காண வேண்டும் என்ற தாயின் ஏக்கத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த முடிவைப் போகின்றவரும் குடும்பமும் போகுமுன்பே பேசி வைத்தால், கண்ணீரின் நடுவே சண்டை இராது. வேலை கொடுத்தவர் செலவை ஏற்க மறுக்கும் ஏழைகளுக்கு, 2009 முதல் தூதரகங்களில் உள்ள இந்திய சமூக நல நிதியிலிருந்து உதவி கிடைக்கும். விண்ணப்பிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் போதும். ஊர் முழுவதும் துண்டேந்த வேண்டியதில்லை.

பணம் அனுப்புவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றோம். இந்தியக் குடிமகனாகவே உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகப் பள்ளிக்கு அனுப்புவது வெளிநாட்டுக் கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினாலும், வெளிநாட்டுச் சங்கம் தன் பெயரில் அனுப்பினாலும் 2010ஆம் ஆண்டின் சட்டம் குறுக்கே வரும். பதிவோ முன் அனுமதியோ இன்றி ஜமாஅத் அதை வாங்கக் கூடாது. எனவே கொடுக்க விரும்புவோர் தனித்தனியே, தம் பெயரில், வங்கி வழியாகக் கொடுக்கட்டும். ஸகாத் என்று குறிப்பிட்டு வருவதைத் தனிக் கணக்கில் வையுங்கள். அது ஏழைகளின் உரிமை. சுவருக்கும் சுண்ணாம்புக்கும் அதில் பங்கில்லை.

ஆகவே நம் பதில் கடிதத்தில், சங்கத்திடமிருந்து கட்டட நிதி எதையும் ஜமாஅத் கேட்கவில்லை என்ற வரி முதலாவதாக இடம்பெற வேண்டுமென நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கின்றோம். இரண்டாவதாக, ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு பதிவேடு திறக்கப்பட வேண்டும். வெளிநாட்டில் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டாரும் அவருடைய கடவுச்சீட்டு நகல், வேலை செய்யும் நிறுவனத்தின் பெயர், காப்பீட்டு எண், அவசரத்திற்கு அழைக்க வேண்டிய ஒருவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை அதில் பதிய வேண்டும். வரும் ஜும்ஆவுக்குப் பின் பதிவு தொடங்கும். எழுதத் தெரிந்த இளைஞர் இருவர் உதவிக்குத் தேவை. விருப்பமுள்ளோர் கூட்டம் முடிந்தவுடன் செயலாளர் அவர்களிடம் பெயர் கொடுக்கவும்.