முதலில் கட்டும் கை



இந்த எலும்பு மருத்துவக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைப் படித்தேன். தகடு, திருகாணி, உள்தண்டு என்று அறுவை அரங்குக்குள் நடப்பவற்றுக்கே பெரும்பகுதி நேரம் போயிருக்கிறது. ஆனால் முறிந்த காலை முதலில் தொடுபவர் நம்மில் ஒருவரல்லர். தலைமை ஏற்ற உரிமையில் அவரைப் பற்றிப் பேசுகிறேன்.

தொடை எலும்பு முறிந்தால், வெளியே ஒரு சொட்டும் கசியாமலே ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் சதைக்குள் இறங்கிவிடும். தூக்கிச் செல்லும்போது ஒவ்வொரு குலுக்கலிலும் முறிந்த முனைகள் சதையைக் கிழிக்கும். முதல் உலகப் போரின் தொடக்கத்தில் இப்படி அடிபட்ட பிரிட்டிஷ் வீரர்களில் நூற்றுக்கு 80 பேர் இறந்ததாக எலும்பு மருத்துவர் சர் ராபர்ட் ஜோன்ஸ் எழுதினார். 1917இல் ஆராஸ் போரில், தாமஸ் சிம்பு பூட்டி அனுப்பப்பட்ட ஆயிரத்துச் சொச்சம் பேரில் இறந்தோர் நூற்றுக்கு 16க்கும் குறைவு. அறுவைக் குழுக்கள் களத்துக்கு அருகே வந்ததும் ஒரு காரணம்தான். என்றாலும், கண்ணைக் கட்டிவிட்டாலும் சிம்பைப் பூட்டும் அளவுக்குத் தூக்குக்கட்டில் சுமந்தவர்களைப் பழக்கினார்களே, அதை நான் பெரிதாக நினைக்கிறேன். அந்தச் சிம்பு இவ்வளவுதான்: தொடை தொடங்கும் இடத்தில் ஒரு வளையம், இரண்டு இரும்புக் கம்பிகள், காலை இழுத்துக் கட்டத் துணி. பூட்ஸைக்கூடக் கழற்றுவதில்லை.

அதை வடிவமைத்த ஹ்யூ ஓவன் தாமஸ் எலும்பு கட்டும் நாட்டு வைத்தியப் பரம்பரையில் பிறந்தவர். புத்தூர் கட்டு என்றதும் முகம் சுளிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் கட்டும் கை கெடுக்கவும் கூடும். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, முன்கை முறிந்த சிறுவன் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய கட்டு. இரவெல்லாம் அழுதிருக்கிறான். கட்டுப் போட்டால் வலிக்கத்தான் செய்யும் என்று தாய் தேற்றியிருக்கிறாள். மடங்கிக் கிடந்த விரல்களை நீட்டிப் பார்த்தேன்; அலறிவிட்டான். கட்டை அறுத்தோம், ஆனால் தசை அதற்குள் செத்திருந்தது. தசை இப்படிச் செத்துக் கை முடங்கும் ஊனத்தை 1881இல் விவரித்த மருத்துவர் ஃபோல்க்மன், இறுகிய கட்டைத்தான் காரணம் காட்டினார். மாவுக்கட்டும் இதைச் செய்யும். நம் கைகளால் செய்ததையும் பார்த்திருக்கிறேன்.

எனவே, முறிவுக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாமல் கட்டச் சொல்லிக் கொடுத்தால் போதாது. விரல் நுனியைத் திறந்துவிடவும், மணிக்கு மணி பார்க்கவும் சொல்லிக் கொடுக்க வேண்டும். கட்டிய பிறகு வலி ஏறினாலோ, விரலை நீட்டினால் துடித்தாலோ, கட்டைத் தோல் தெரியும்வரை முழு நீளத்துக்கும் பிளந்துவிட வேண்டும். நாடி துடிக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. ஆறு மணி நேரம் போனால் தசை திரும்பாது. வைத்தியர், ஓட்டுநர், தாய், யாராயினும் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

முதல் அமர்வை 108 ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்குத் தரக் கேட்டேன். அமைப்புக் குழு இசைந்தது. சிம்புகளோடு வந்திருக்கிறார்கள். முன்வரிசையினர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தினால் பெஞ்சு போட இடமிருக்கும்.