கடன் தீர்க்கும் கணக்கு

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுவதே முறை. நானோ கடனைப் பற்றிப் பேச வந்துள்ளேன். காரணம் உண்டு. எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பொங்கல் விடுமுறைக்குப் பின் வரவில்லை. வீடு தேடிச் சென்றேன், கதவு பூட்டியிருந்தது. தந்தை செங்கற்சூளையில் வாங்கிய முன்பணத்தைக் கழிக்கக் குடும்பமே புறப்பட்டுப் போய்விட்டது. வட்டிக் கணக்கைப் பிழையின்றிப் போடும் பையன் அவன். கடனே அவனை வகுப்பிலிருந்து வெளியேற்றிற்று.

பாட்டன் வாங்கிய நெல்லுக்காகப் பேரன் பண்ணையில் உழைத்த வரலாறு நம்முடையது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடன்களைச் செல்லாதனவாக்கிற்று. முன்பணத்தைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் வேலை வாங்கினால் கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனுக் கொடுக்கலாம். கந்துவட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் எதிராக 2003இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. இச்சட்டங்கள் நமக்குக் கேடயம். ஆனால் கேடயம் மட்டும் போதாது. கணக்கும் தெரிய வேண்டும்.

தண்டல் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் தருவது ரூ.8,500. நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி" என்று தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருகிறது. அதைக் கணக்கிட்டால் ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 120 ரூபாய் வட்டி ஆகிறது. சிறு தொகையாகப் பிரித்துக் கேட்பதனால் பெருவட்டி கண்ணுக்குத் தெரிவதில்லை.

இது எனக்கும் நேர்ந்ததே. 1999இல் நான் இளம் ஆசிரியன். தங்கையின் திருமணத்திற்கும் தாயாரின் மருத்துவத்திற்கும் இருவரிடம் கடன்பட்டேன். ஒருவரிடம் ரூ.12,000, நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி. மற்றவரிடம் ரூ.10,000, மாதம் 3 ரூபாய் வட்டி. மாதம் 900 ரூபாய் வட்டியாகவே போயிற்று, அசல் அசையவில்லை. வெட்கத்தால் வீட்டிலும் மறைத்தேன். ஒருநாள் என் துணைவியாரே கேட்டறிந்து, ஒரு நாற்பது பக்க நோட்டை என் முன் வைத்தார்.

அதில் முதலில் அரிசி, பால், மருந்து, பிள்ளையின் செலவு ஆகியவற்றை எழுதினோம். இவற்றில் கைவைப்பதில்லை என்று முடிவு செய்தோம். பிறகு தேநீர்க்கடைப் பற்று, தீபாவளிப் புத்தாடை, தகுதிக்கு மீறிய மொய் ஆகியவற்றைக் குறைத்தோம். மொய் குறைந்ததற்கு உறவினர் முகம் சுளித்தனர், பொறுத்துக்கொண்டோம். இவ்வாறு மாதம் 1,500 ரூபாய் கடனுக்கென ஒதுங்கிற்று.

குறைந்த வட்டிக்காரருக்கு வட்டி 300 மட்டும் கொடுத்தோம். எஞ்சிய 1,200 முழுவதும் கூடிய வட்டிக்காரருக்கே. முதல் மாதம் அதில் பாதி வட்டிக்கும் பாதி அசலுக்கும் சென்றது. அசலைத் துண்டு துண்டாக வாங்க மாட்டேன் என்று அவர் மறுத்தார்; ஊர்ப் பெரியவர் இருவரை அழைத்துச் சென்றபின் இசைந்தார். அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்தது. பதினைந்தாம் மாதத்தில் அக்கடன் தீர்ந்தது. பின்னர் 1,500 ரூபாயையும் மற்றவருக்கே செலுத்தினோம். இருபத்து மூன்றாம் மாதத்தில் இரண்டாம் பத்திரமும் என் கைக்கு வந்தது. அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். அச்செலவையும் நோட்டில் எழுதினோம்!

இளைஞர்களே, நான் கற்ற பாடம் இவ்வளவே. கடனை மறைக்காதீர்கள், வீட்டாருடன் அமர்ந்து எழுதுங்கள். வட்டி மிகுந்த கடனை முதலில் அடையுங்கள். ஒரு கடன் தீர்ந்ததும் அத்தொகையைச் செலவில் கரைக்காமல் அடுத்த கடனுக்குத் திருப்புங்கள். வெற்றுப் பத்திரத்தில் கையொப்பமிடாதீர்கள். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கேளுங்கள். கைப்பேசியில் நொடியில் கிடைக்கும் கடனுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். எந்நிலையிலும் பிள்ளையின் படிப்பை நிறுத்திக் கடன் அடைக்காதீர்கள். அது விதைநெல்லைக் குத்தி உண்பதற்கு ஒப்பாகும்.

1923இல் ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து நூல் எழுதியவர் அண்ணல் அம்பேத்கர். அவர் வழி வந்த நமக்குக் கணக்கு அந்நியமன்று.

அந்த மாணவனைத் தேடி அழைத்து வந்து அரசு மாணவர் விடுதியில் சேர்த்துள்ளோம். அவன் தந்தை இன்னும் சூளையில்தான் இருக்கிறார். அவருக்காக மனு எழுதிவிட்டேன். இக்கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோள்: ஞாயிறுதோறும் மாலையில் நம் படிப்பகத்தில் படித்த இளைஞர் இருவர் அமரட்டும். எந்தக் குடும்பம் வந்தாலும் அதன் கடனை எழுதி, வட்டியைக் கணக்கிட்டுச் சொல்லட்டும். நாற்பது பக்க நோட்டுகளை நான் வாங்கித் தருகிறேன்.