புடவை நீலமா, பச்சையா? கேமராவுக்குள்ளேயே ஒரு திருத்தம்

இன்னைக்குக் கதை, திரும்பி வந்த ஒரு பட்டுப்புடவையிலிருந்து ஆரம்பிக்குது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல எங்க சித்தப்பா தறி வச்சிருக்கார். அவர் நெய்த மயில் கழுத்து கலர் புடவையை நான்தான் போட்டோ எடுத்தேன். ராத்திரி என் ரூமுக்கு வந்து, லேப்டாப்புல கலரைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன். சென்னையில கல்யாணத்துக்குப் புடவை தேடிக்கிட்டிருந்த ஒரு அக்காவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். பிடிச்சுப்போச்சு, பணமும் போட்டாங்க. புடவை கைக்குப் போனதும் போன் வந்தது. "தம்பி, நீலம்னு நெனச்சேன். இது பச்சை அடிக்குதே!"

அவங்க சொன்னது நியாயம். பல நாள் உழைப்பு திரும்பி வந்தது. சித்தப்பா திட்டல. "புடவை சரியாத்தான்டா இருக்கு"ன்னு மட்டும் சொன்னார். அது திட்டினதைவிட அதிகமா வலிச்சது.

தப்பு எங்கே? மயில் கழுத்துல பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். நீலமும் பச்சையும் குறுக்கும் நெடுக்குமா ஓடும். துணியைத் திருப்பினா நிறமே மாறும். நான் எடிட் பண்ணும்போது அந்தப் புடவை என் கண் முன்னாடியே இல்ல. ஞாபகத்துல இருந்த நிறத்தைத்தான் திருத்திக்கிட்டிருந்தேன்.

அதுக்கப்புறம்தான் கேமராவுக்குள்ளேயே எடிட் பண்ற வசதியைத் தேடிப் போனேன். நிக்கான் டி3500, டி5600 மாதிரி டிஎஸ்எல்ஆர்ல 'ரீடச்' மெனு இருக்கு. கேனான்லயும் பல மாடல்ல ரா ஃபைலை உள்ளேயே ஜேபெக் ஆக்கலாம். எல்லா மாடல்லயும் இருக்காது, உங்க மெனுவைப் பாத்துக்கோங்க.

நான் செய்றது இதான். முதல்ல டியூப் லைட்டை அணைச்சுடுவேன். ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் கலந்தா, ஒரே ஒயிட் பேலன்ஸால ரெண்டையும் சரிபண்ண முடியாது. அப்புறம் சாம்பல் அட்டையை வச்சு ஒயிட் பேலன்ஸ் அளப்பேன். வெள்ளை வேட்டி வேண்டாம். அதுல நீலம் போட்டிருப்பாங்க. படத்தை ரா-வில எடுப்பேன்.

எடுத்ததும், புடவை மடியில இருக்கும்போதே, ரீடச் மெனுவுல ரா பிராசஸிங். ஒயிட் பேலன்ஸை ஒவ்வொண்ணா மாத்தி, திரையையும் துணியையும் மாறி மாறிப் பார்ப்பேன். பிக்சர் கன்ட்ரோல்ல 'விவிட்' பக்கமே போறதில்ல. ஜரிகை வெளுத்துத் தெரிஞ்சா எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்குவேன். ஆனா எடுக்கும்போதே சுத்தமா வெளுத்துப்போன ஜரிகை இழை திரும்பி வராது. மடிப்பு நிழல்ல பேட்டு தெரியலைன்னா டி-லைட்டிங், அதுவும் குறைவா. சேவ் பண்ணினா சிஎஸ்சி-ன்னு ஆரம்பிக்கிற பேர்ல புது காப்பி வரும். ஒரிஜினலுக்கு ஒண்ணும் ஆகாது, அதனால பயப்படாம முயற்சி பண்ணலாம். ஆனா காப்பி மேல காப்பி போட்டுத் திருத்திக்கிட்டே போகாதீங்க, தரம் இறங்கும்.

இதே மெனு கோயில் படத்துக்கும் கைகொடுக்கும். ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் 1509-ல கிருஷ்ணதேவராயர் கட்டினது. கீழே நின்னு அண்ணாந்து எடுத்தா பின்னாடி சாயுற மாதிரி தெரியும். 'பெர்ஸ்பெக்டிவ் கன்ட்ரோல்' அதைக் கொஞ்சம் நிமித்தும். ஓரம் வெட்டுப்படும், அதனால எடுக்கும்போதே சுத்தி இடம் விடுங்க.

கேமரா திரையையும் முழுசா நம்ப முடியாது. வெயில்ல மங்கலாத் தெரியும், வாங்குறவங்க போன்ல வேற மாதிரி தெரியும். அதனால இப்போ ஒவ்வொரு புடவைக்கும் மூணு அனுப்புறேன். நேரா ஒரு படம், சாய்ச்சு ஒரு படம், பகல் வெளிச்சத்துல துணியைத் திருப்புற பத்து செகண்ட் வீடியோ. கூடவே, "நீலப் பாவு, பச்சை ஊடை"ன்னு எழுத்துல ஒரு வரி.

அந்த மயில் கழுத்து புடவையை இப்படித்தான் மறுபடி எடுத்தேன். நீலமும் தெரிஞ்சது, பச்சையும் தெரிஞ்சது. வேற ஒருத்தங்க, அந்தப் பச்சைக்காகவே வாங்கிட்டாங்க.

இந்த வாரம் உங்க வீட்டு பீரோவுல இருந்து அம்மாவோட ஒரு பட்டுப்புடவையை, கேட்டுட்டுத்தான், எடுத்து முயற்சி பண்ணிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!