மூலப்பத்திரமும் நகலும்



வீடு வாங்குவோர் பலர், கிரயப்பத்திரம் பதிவானவுடன் எல்லாம் முடிந்ததென எண்ணுகின்றனர். விற்றவருக்கு அவ்வீடு எவ்வழியில் உரிமையாயிற்று என்பதைக் காட்டுவது மூலப்பத்திரமே. அவ்வழியில் குறையிருப்பின், வாங்கியவர் உரிமையும் குறையுடையதே.

1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு இதற்கு வகை செய்துள்ளது. வாங்குபவர் கேட்குங்கால் உரிமை ஆவணங்களைக் காட்டுவதும், விலை முழுவதும் பெற்றபின் ஒப்படைப்பதும் விற்பவர் கடமை. முழு நிலமும் பலருக்குப் பிரித்து விற்கப்படின், மிகுந்த மதிப்புடைய பகுதியைப் பெற்றவரிடம் அசல் ஆவணங்கள் சேரும். ஏனையோர் கேட்டால், அவர்கள் செலவில் அவர் உண்மை நகல் அளித்தல் வேண்டும்.

பதிவான பத்திரங்களின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பெறலாம். எனினும் நகலை மட்டும் நம்பிப் பணம் கொடுத்தல் தகாது. அசலை ஈடாக வைத்துக் கடன் பெறும் வழக்கம் உண்டு. பதிவாகாத கடன் வில்லங்கச் சான்றில் தோன்றாது. ஆதலின் அசல் யாரிடம் உள்ளது என்பதை முதலில் கண்டறிதல் நன்று.

தந்தையின் வீட்டை மக்கள் பங்கிடும்போதும் இதுவே நெறி. அசல் மூத்தவர் பெட்டியில் இருக்கும். இளையவரும் உடன்பிறந்த மகளிரும் நகலின்றி நிற்பர். பின்னாளில் ஒருவர் தம் பங்கை விற்க முனைகையில் அசலைக் கேட்பதே மனவருத்தமாகிறது. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகும் நாளிலேயே ஒவ்வொருவரும் சான்றிட்ட நகல் பெற்றுவிடின், சொத்தும் நிலைக்கும், உறவும் நிலைக்கும்.